திங்கட்கிழமைக் காலையின் முதல் தண்ணீர்

மகளே,

நீ பக்கத்து அறையில் துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வவுனியாவுக்குப் புறப்படுகிறாய். மறுநாள் அங்கே தண்ணீர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேரப்போகிறாய். இதையெல்லாம் வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை உன் அறை வாசலில் வந்து நின்றேன். "என்னப்பா?" என்று நீ நிமிர்ந்து பார்த்ததும், "குடை எடுத்து வச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை வாசல்வரைக்கும்கூட வரவில்லை. எழுதினால் நடுவில் குடையைப் பற்றிப் பேசித் தப்பிக்க முடியாது. அதனால்தான் கடிதம். இதை நீ படிக்கும்போது உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

மூன்று வாரத்துக்கு முன்னால், உன் நியமனக் கடிதம் வந்த சந்தோஷத்தில் வீட்டில் சாப்பாடு கொடுத்தோமே, அன்றைக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உன் மாமா, "எப்படிம்மா இந்தப் படிப்பு மேல ஆசை வந்துச்சு?" என்று கேட்டார். நீ ஒரு கணமும் யோசிக்காமல், "லீவு நாள்ல அப்பா தண்ணி எடுக்கப் போறப்ப நானும் போவேன் மாமா. போத்தல்ல எழுதி ஒட்டி, பெட்டியில ஐஸ் போட்டு, அவ்வளவு கவனமா செய்வாரு. அதப் பாத்துத்தான்" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரிஸ்னா தன் கணவனோடு வந்து சேர்ந்தாள். முதலாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஐந்து மாத வயிற்றோடு மடவளையிலிருந்து பஸ் ஏறி, கையில் இனிப்புக்கு வட்டிலப்பத்தோடு வந்திருந்தாள். உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "அங்கிள், உங்கட மகள் இப்ப ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி குடுக்கப் போறா. அஞ்சாம் வகுப்புல எனக்கு ஒரு மொடக்குத் தண்ணி குடுக்கல்ல. போத்தலத் தொடவும் உடமாட்டா. அப்பிடிக் கஞ்சப் பிசினாறி!"

எல்லோரும் சிரித்தார்கள். "பொய் சொல்லாத, எனக்கு ஞாபகமே இல்ல" என்று நீயும் சிரித்தாய். உனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு ஞாபகம் இருந்தது. அம்மா அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே கிளினிக் எப்படி என்று விசாரித்தாள். "ரத்தம் குறைவாம் ஆன்டி, குடிக்கக் குளிசை தந்தீக்கிறாங்க" என்றாள் ரிஸ்னா. அதற்குப் பிறகு நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

உன் ஆரம்பப் பள்ளிக்கூடம் எப்படியிருந்தது என்று நினைவிருக்கிறதா? கட்டுகஸ்தோட்டையிலிருந்து மேலே ஏறும் வழியில், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் குடியிருந்த பங்களா அது. சின்ன வகுப்புகள் எல்லாம் அந்தப் பழைய கட்டடத்தில்தான் நடந்தன. பின்பக்கச் சுவரோரம் வரிசையாக ஐந்து குழாய். அந்தக் குழாய்களுக்கு வரும் தண்ணீர் நகரத்துக்கெல்லாம் போகிற அதே தண்ணீர். ஆற்றிலிருந்து எடுத்து, தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிற தண்ணீர். அதில் குறை இல்லை. நான் அப்போது தண்ணீர் அலுவலகத்தில் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியன். நிரந்தரமாக்குகிறோம், நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை என்று ஊர் ஊராகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லித்தந்த முறை ஒன்றுதான்: குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடு, மூடு, குழாய் வாயை நெருப்பில் சுடு, திரும்பத் திற, பிறகு பிடி. கிருமி பார்ப்பதற்கு அது சரியான முறை. உலோகம் பார்ப்பதற்கும் நாங்கள் அதே கையோடு இன்னொரு போத்தலைப் பிடித்துவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நீ ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், ஒரு திங்கட்கிழமை, மணி அடிக்குமுன்பே உன் பள்ளிக்கூடத்துக்கு மாதிரி எடுக்கப் போனேன். வாட்ச்சர் கேட்டைத் திறந்துவிட்டு, தன் மகனின் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டே கூட வந்தார். அந்தப் பேச்சில் நான் குழாயை ஓடவிட மறந்து, உலோகத்துக்கான போத்தலை முதலில் பிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து திங்கட்கிழமை காலைவரைக்கும் குழாய்க்குள்ளேயே தேங்கி நின்ற தண்ணீர் அது. பிறகு ஞாபகம் வந்து, ஓடவிட்டு, கிருமிக்கான போத்தலை முறைப்படி பிடித்தேன். அவ்வளவுதான். மறதி. வேறொன்றும் இல்லை. அந்த மறதி இல்லாவிட்டால் நானும் எதுவும் தெரியாதவனாகவே ஓய்வு பெற்றிருப்பேன்.

பத்து நாள் கழித்து எங்கள் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். சிங்களவர், நல்ல மனிதர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. மேசையில் அறிக்கை கிடந்தது. அந்தப் போத்தலில் ஈயம் இருந்தது. இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. "எப்படிப் பிடித்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓடவிட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். "அப்படியானால் இது மாதிரியே இல்லை. முறை பிழை. போய் ஒழுங்காக எடுத்து வா" என்றார். மறுநாள் போனேன். குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். இரண்டு நிமிடம் போதும் என்று தெரிந்தும் ஐந்து நிமிடம். ஓடவிட்டுக்கொண்டே, சுவருக்குள் நுழையும் இடத்தில் குழாயைப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறம், வளைவில் சேலை மடிப்பு மாதிரி நெளிந்து கிடந்தது. சாவியால் லேசாகக் கீறினேன். கீறின இடம் வெள்ளி மாதிரி பளபளத்தது. இரும்பாக இருந்தால் அப்படிக் கீறுபடாது. பங்களா கட்டிய நாளில் போட்ட ஈயக் குழாய். நம் மலைநாட்டுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. உள்பக்கம் படிந்து குழாயை மூடிவிடாது. இரண்டு நாள் தேங்கி நின்றால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். நான் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. அது கோப்புக்குள் போனது. முதல் அறிக்கை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது தாளில், மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் காட்டுவது கஷ்டம். நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. நேரம் உண்மை, இடம் உண்மை, முறை உண்மை. ஆனால் திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டிறங்கி மேடு ஏறி வந்து, மூச்சு வாங்க, குழாயைத் திறந்து கையேந்திக் குடிக்கிற பிள்ளை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் குடிப்பதில்லை. எனக்கு அது தெரியும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் மகள். அன்று சாயங்காலம் கடைக்குப் போய் உனக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் வாங்கி வந்தேன்.

"இனிமே ஸ்கூல் பைப்ல குடிக்காத" என்றேன். "ஏம்ப்பா?" என்று கேட்டாய். "தூசி" என்றேன். தினமும் காலையில் நானே குழாயை ஓடவிட்டு நிரப்பிக் கொடுத்தேன். அம்மா, "என்ன திடீர்னு இவ்வளவு அக்கறை?" என்று கேலி செய்தாள். ஒரு மாதம் போயிருக்கும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாகம் தாகம் என்று இரண்டு டம்ளர் குடித்தாய். போத்தல் என்ன ஆனது என்று கேட்டேன். "ரிஸ்னாவும் குடிச்சாப்பா. டெய்லி அவளும் நானும் பாதி பாதி" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இல்லை. அதையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது. "அது ஒனக்கு மட்டும்தான். யாருக்கும் குடுக்கக் கூடாது. குடுத்தேன்னு கேள்விப்பட்டேன், அடி வாங்குவ" என்றேன். உன்னை நான் அடித்ததே இல்லை. அதனாலேயே நீ பயந்துபோனாய். மறுநாளிலிருந்து போத்தல் பாதித் தண்ணீரோடு திரும்பி வரத் தொடங்கியது. நீ கஞ்சத்தனம் செய்யவில்லை, மகளே. பத்து வயதுப் பிள்ளை அப்பா சொன்னதைக் கேட்டது. அதில் உன் பங்கு ஒரு துளியும் இல்லை.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லமாட்டேன். அரைகுறையாகச் செய்தது இன்னும் வெட்கம். வாட்ச்சரிடம் போய், "காலையில மணியடிக்க முந்தி எல்லா பைப்பையும் பத்து நிமிசம் தொறந்து விடுங்க, துரு இருக்கு" என்று சொன்னேன். பாவம், நாலைந்து நாள் செய்தார். தண்ணீர் வீணாகிறது, பில் கூடும் என்று பள்ளிக்கூட அதிபர் தடுத்துவிட்டார். வாட்ச்சர் என்னிடம் வந்து சொன்னார். அப்போது நான் அதிபர் அறைக்குப் போய் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் போதும். போகவில்லை. பிறகு பெற்றோர் கூட்டத்தில் உன் வகுப்பு டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், ஒங்க மக ஸ்கூல் தண்ணி குடிக்கவே மாட்டேங்கிறா. அப்பா தூசின்னு சொன்னாராம். நீங்க தண்ணி ஆபீஸ்ல இருக்கிறவரு. நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. நான் சிரித்தேன். "அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும் டீச்சர். வேற ஒண்ணுமில்ல" என்றேன். அன்று டீச்சர் இன்னொன்றும் சொன்னார்: ரிஸ்னாவுக்கு ஓயாமல் வயிற்றுவலி, வகுப்பில் தூங்கி விழுகிறாள், புலமைப் பரிசில் பரீட்சைக்கு இப்படிப் போனால் தேறமாட்டாள் என்று. அது தண்ணீரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டையும் சொல்ல முடியாமல் போனதற்கு ஒரே காரணம், பார்க்கவேண்டிய நேரத்தில் யாரையும் பார்க்கவிடாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: நிரந்தர நியமனம் கைக்கு வரட்டும், பிறகு பேசலாம். தற்காலிக ஊழியன் பேசினால் அடுத்த மாதம் வேலை இருக்காது. என் தகப்பனார் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்து டவுனில் ஒரு இடம் பிடிக்க எவ்வளவு பாடுபட்டார், அது என்னோடு போய்விடும் என்று பயந்தேன். பயம் உண்மையானதுதான். அதே வருடக் கடைசியில் நியமனக் கடிதம் வந்தது. அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். அன்றைக்குப் பேசினேனா? இல்லை. இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற புதுப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் உனக்குச் சொல்ல நினைப்பது இதைத்தான்: முதல் நாள் பேசாமல் விட்டதை இரண்டாம் நாள் பேசுவது இரண்டு மடங்கு கஷ்டம். ஒரு வருடம் போனால், பேசாமல் இருப்பதுதான் உன் வேலை என்று உனக்கே தோன்றிவிடும். நீ ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போனாய். அதற்கும் இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் பங்களாவின் பின்சுவர் சரிந்தது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி, பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கடவுள் காப்பாற்றினார் என்று ஊரே பேசியது. காரியம் மழையால் முடிந்தது. என்னால் இல்லை.

இத்தனை வருடம் இதை நான் தினமும் நினைத்து உருகினேன் என்று எழுதினால் அதுவும் பொய். மாதக்கணக்கில் நினைக்காமலே இருந்திருக்கிறேன். ரிஸ்னா வட்டிலப்பத்தோடு வந்து நின்றபோதுதான் நினைக்காமல் இருக்க முடியாமல் போனது. உனக்குத் தெரிந்ததுதான்: உடம்புக்குள் போன ஈயம் முழுவதும் வெளியேறுவதில்லை. ஒரு பகுதி எலும்பில் போய்த் தங்கிவிடும், வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் எலும்பிலிருந்து கல்சியம் இறங்கும். அதோடு சேர்ந்து இதுவும் இறங்கலாம். ரத்தம் குறைவு என்று அவள் சொன்ன அந்த நிமிடம், நான் இரண்டாவது தடவையாக மௌனமாக இருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. முதல் தடவை அவளே ஒரு பிள்ளை. இந்தத் தடவை அவள் வயிற்றில் ஒரு பிள்ளை.

அந்தச் சாப்பாட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை. கடைசியில், "எங்கிட்டயாச்சும் சொல்லியிருந்தீங்கன்னா நா ரெண்டு போத்தல் நெறச்சிக் குடுத்திருப்பேனே" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா என்னோடு அதிகம் பேசாததை நீ கவனித்து, "சண்டையா?" என்று கேட்டாய். இதுதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை, வத்தேகம போய் ஒரு பழைய நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். போனது மடவளைக்கு. ரிஸ்னா பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டின் முன்பக்கத்தில் அவளுடைய வாப்பாவின் பலசரக்குக் கடை. மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு அப்போதுதான் வந்து கடையைத் திறந்தார். "வாங்க அண்ணே, வாங்க, மகள் எப்ப பயணம்?" என்று கதிரையை இழுத்துப் போட்டார். வீட்டில் எல்லோரையும் வைத்து ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ரிஸ்னாவும் அவள் உம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். உனக்கு எழுதியதை, இவ்வளவு வளர்க்காமல், அவர்களிடம் சொன்னேன். குழாய், முதல் அறிக்கை, இரண்டாவது அறிக்கை, உன் போத்தல், யாருக்கும் கொடுக்காதே என்று நான் சொன்னது. எதையும் விடவில்லை.

வாப்பா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். உம்மாதான் பேசினார். முதலில் மெதுவாக. "அவ படிக்கிறல்லண்டு நான் எத்தின தரம் அடிச்சீக்கிறேன் தெரியுமா உங்களுக்கு?" என்றார். "புஸ்தகத்துக்கு மேல படுத்துத் தூங்குவா. நடிக்கிறாண்டு நெனச்சி அடிச்சேன். வயித்துவலிண்டு சொல்லுவா. ஸ்கூலுக்குப் போகாம ஈக்கத்தான் பொய் சொல்றாண்டு அடிச்சேன். ஒங்கட மகள் பாஸ் பண்ணின அண்டைக்கு, அவளப் பாருடீண்டு சொல்லிச் சொல்லி அடிச்சேன். நீங்க எல்லாம் தெரிஞ்சி வெச்சிக்கிட்டு சும்மா ஊட்டுல ஈந்தீக்கிறீங்க!" ரிஸ்னா எழுந்து போய் உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்திருந்தேன். அந்த அறையில் அந்தச் சொல்லை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்திருந்தால் அவர்கள் எனக்கு ஏதோ தரவேண்டும் என்று கேட்பது போல இருந்திருக்கும்.

ரிஸ்னா அழவில்லை. உன்னைவிட நிதானமானவள் அவள். "நான் இப்ப டொக்டர்ட்ட என்ன சொல்லணும் அங்கிள்?" என்று கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: சின்ன வயதில் ஈயக் குழாய்த் தண்ணீர் குடித்தவள், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும் என்று. கேட்டால் நானே வந்து வைத்தியரிடம் சொல்கிறேன் என்றும் சொன்னேன். தாளை மடித்துக் கிளினிக் அட்டைக்குள் வைத்தாள். பிறகு, "இதெல்லாம் அவக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது உன்னைப் பற்றி. தெரியாது என்றேன். "அப்ப சொல்லுங்க. அவ போறத்துக்கு முந்திச் சொல்லுங்க. நான் தெரிஞ்சிக்கிட்டு, அவ தெரியாம என்னோட சிரிச்சிச் சிரிச்சி போன்ல பேசுறது எனக்கு ஏலாது" என்றாள். நான் பதினாறு வருடம் செய்ததை அவளால் ஒரு மாதம்கூடச் செய்ய முடியாது என்று சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை வாப்பா எனக்குப் போன் எடுத்தார். ரத்தம் கொழும்புக்கு அனுப்பி முடிவு வந்துவிட்டது. "ஈயம் ஈக்கிது அண்ணே. ஆனா பயப்புட்ற அளவு இல்லையாம். கல்சியமும் இரும்புக் குளிசையும் விடாம எடுக்க டொக்டர் சொன்னார். மாசத்துக்கு ஒருக்கா பாக்கணுமாம். புள்ள பொறந்த பொறகு புள்ளைக்கும் பாக்கணுமாம்" என்றார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவர் சொன்னார்: "நீங்க வந்து சொன்னது நல்லம். அத நான் மறக்கமாட்டேன். ஆனா கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. ரிஸ்னாட உம்மா உங்களக் கண்டாத் தாங்கமாட்டா." சரி என்றேன். அவர் கேட்டது நியாயம்.

ரிஸ்னா ஒருத்தி. அந்த வருடங்களில் அந்த ஐந்து குழாயில் குடித்த மற்றப் பிள்ளைகளை எனக்குப் பெயர் பெயராகத் தெரியாது. அவர்களில் எத்தனை பேர் இப்போது தாயாகியிருப்பார்கள், எத்தனை பேரை "மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள்? நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போன வாரம் தண்ணீர் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் கொடுத்தேன். பழைய கட்டடங்களில் காலையில் வரும் முதல் தண்ணீரைப் பிடித்துப் பார்க்கும்படியும் கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்தக் காலத்துக் கோப்பெல்லாம் இப்ப இல்லையே ஐயா. ஏன் இப்ப கொண்டுவாறீங்க?" என்று கேட்டார். முன்பே கொண்டுவரவில்லை, அதனால்தான் என்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். என்ன செய்வார்கள் என்று தெரியாது. அதனால் அங்கே கொடுத்த கடிதத்தின் ஒரு பிரதியை நம் ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கும் கொடுத்திருக்கிறேன். ரிஸ்னா வீட்டில் அனுமதி வாங்கி, அவள் பெயரை மட்டும் மாற்றி. அந்தக் குழாயில் குடித்தவர்கள் படித்தால் தாங்களாகவே தெரிந்துகொள்வார்கள். அடுத்த வாரம் வரும் என்றார்கள். நீ சரி என்றால் அச்சிடலாம் என்றுதான் இங்கே முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். உன் அப்பாவின் மானமா அந்தப் பிள்ளைகளா என்று தீர்மானிக்கும் பாரத்தை உன் தலையில் வைப்பது சரியில்லை. ஒரு தடவை என் பயத்தை உன்மேல் ஏற்றினேன். அது போதும்.

இதனால் உனக்குத் தொந்தரவு வரலாம். புது வேலை, அப்பாவும் இதே தொழிலில் இருந்தவர் என்று நீ பெருமையாகச் சொல்லுவாய், அதே ஆள்தானா என்று யாராவது கேட்பார்கள். ஆம் என்று சொல். எனக்காக நியாயம் பேசாதே. வவுனியாத் தண்ணீர் நம் தண்ணீர் மாதிரி இல்லை. அங்கே நிலத்தடித் தண்ணீர், சுண்ணாம்பும் புளோரைட்டும், சிறுநீரகத்தைப் பற்றிய பயம், எல்லாம் நீ என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய். உனக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் மேசைக்கு வரும் ஒவ்வொரு போத்தலையும் யார் பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று கேள். ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், அவரைத் திட்டித் திருப்பி அனுப்பாதே. உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முழுவதையும் எழுதச் சொல். அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்பதையும் எழுது. மற்றப் போத்தல்களின் பக்கத்திலேயே எழுது. அதில் உன் கையெழுத்தையும் போடு. அப்படிச் செய்ய ஒருவர் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்று சொல்லவரவில்லை. அந்த ஒருவராக நானே இருந்திருக்கலாம்.

ரிஸ்னா நேற்று அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அம்மா என்னிடம் காட்டிவிட்டுப் போனாள். சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டில்தான் இருப்பாளாம். உன்னை வரச் சொல்லியிருக்கிறாள். வந்து அவளோடு ஒரு இரவு தங்கிவிட்டு, ஞாயிறு காலையில் அங்கிருந்தே பஸ் ஏறலாமாம். பெட்டியையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். நீ என்ன கேட்பாய், அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கமாட்டேன். மடவளை பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், நீ சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால் அம்மா வருவாள்.

அப்பா